அனாமத்துக் கணக்கு: ஹெச்.ஓ.வின் பின்கட்டில் நடப்பது என்ன?

கடன் வாங்கிய பலரும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் வாசகம் இது: "ஹெச்.ஓ.ல கேட்டுச் சொல்றோம் சார்." வண்டிக் கடனோ, நகைக் கடனோ, வீட்டுக் கடனோ, "பணம் கட்டிட்டேன், ஆனா கணக்குல ஏறல" என்று கிளையில் போய் நின்றால் இந்தப் பதில்தான் வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நமக்குக் கோபம் வரும். பெரும்பாலும் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவருடைய திரையில் அந்தப் பணம் தெரியாது. தெரிகிற இடம் வேறு.

அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நிதி நிறுவனங்களின் தலைமை அலுவலகத்தில் 'ஆபரேஷன்ஸ்' என்று ஒரு துறை உண்டு. பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இருக்குமே, அதில் இது பின்கட்டு. வந்தவர்கள் திண்ணையோடும் கூடத்தோடும் திரும்பிவிடுவார்கள். அடுப்பு எரிவது பின்கட்டில். நான் ஆபரேஷன்ஸ்காரன் இல்லை. அவர்கள் பயன்படுத்துகிற மாதிரியான மென்பொருளை எழுதும் பக்கத்தில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததையும், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைப் படித்ததில் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பேச்சு முழுக்க இந்தியக் கடன் நிறுவனங்களைப் பற்றியது. நடுவில் ஒரே ஒரு அமெரிக்க உதாரணம் வரும்.

பின்கட்டு வேலைகள்

கடன் அனுமதி ஆனதும் விற்பனைப் பிரிவின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆபரேஷன்ஸ் தலையில். ஆவணங்களைச் சரிபார்த்துக் கடனைக் கணக்கில் ஏற்றுவது, பணத்தைப் பட்டுவாடா செய்வது, மாதத் தவணை பிடிப்பதற்கான அனுமதியை வங்கியில் பதிவு செய்வது, வந்த பணத்தை வரவு வைப்பது, அதை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, கடன் முடிந்ததும் என்ஓசி கொடுத்துப் பத்திரத்தைத் திருப்புவது.

ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. உதாரணமாக, வீட்டுப் பத்திரம் மாதிரியான சொத்து ஆவணங்களைக் கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. நிறுவனத்தின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு ₹5,000 கடனாளிக்குத் தர வேண்டும். பின்கட்டில் ஒரு கோப்பு நகராமல் கிடந்தால் அதற்கு விலை உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன விதிகள் குறைவு.

இத்தனை வேலைகளில், வெளியாட்களுக்குக் கொஞ்சமும் தெரியாதது வரவு வைப்பதும் ஒத்துப்பார்ப்பதும்தான். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு தவணை எப்படி வந்து சேர்கிறது?

கடன் வாங்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அல்லது டெபிட் கார்டு, ஆதார் வழியாக ஒப்புதல் தருகிறோம். அதற்குப் பெயர் நாச் மேண்டேட். 'என் கணக்கிலிருந்து மாதாமாதம் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்' என்கிற அனுமதி. தவணைத் தேதி நெருங்கும்போது நிறுவனம் ஒரு கோப்பைத் தயாரித்துத் தன்னுடைய வங்கிக்குக் கொடுக்கும். அந்த வங்கி அதை என்பிசிஐ-க்கு அனுப்பும். என்பிசிஐ அதைப் பிரித்து, கடனாளிகளின் வங்கிகளுக்கு அனுப்பும். அவை பணத்தை எடுக்கும், அல்லது 'இருப்பு இல்லை', 'கணக்கு மூடப்பட்டது' என்று காரணம் சொல்லித் திருப்பும். முடிவு அதே வழியில் திரும்பி வரும்.

ஆயிரம் பேருக்குத் தவணை போட்டு 930 பேரிடம் பணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் வங்கி ஸ்டேட்மென்டில் 930 வரிகள் வருவது அபூர்வம். மொத்தமாக ஒரு தொகை, ஒரே வரியில் வந்து விழும். அதை யார் யார் பணம் என்று பிரிப்பது, உடன் வரும் பதில் கோப்பை வைத்துத்தான்.

இப்போது மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு கடனாளிக்கும் தனி ஏடு வைத்திருக்கும் கடன் மென்பொருள். இரண்டு, நிறுவனத்தின் பேரேடு. மூன்று, வங்கி ஸ்டேட்மென்ட். தினமும் இந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் இருக்கலாம். ஹெச்.ஓ.வில் அதற்கு 'ரீகான்' என்று பெயர். பரீட்சையில் பத்து வரி, இங்கே லட்சக்கணக்கில்.

முதல் இரண்டு புத்தகங்களும் நாமே எழுதியவை. மூன்றாவதை வேறொருவர் எழுதுகிறார். அதனால்தான் அதற்கு மதிப்பு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஏன் ஒத்துப்போகாது?

சில காரணங்கள் சாதுவானவை. ராத்திரி பதினொன்றரைக்கு வந்த பணம் நம் புத்தகத்தில் இன்றும் வங்கியில் நாளையும் பதிவாகியிருக்கும். ஒரு நாள் பொறுத்தால் தானே சரியாகிவிடும்.

சில காரணங்கள் கைப்பிழை. இதற்குப் பழைய கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சூத்திரங்கள் இன்றும் வேலை செய்கின்றன. வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். 5,430-ஐ 5,340 என்று எழுதினால் வித்தியாசம் 90. அதே மாதிரி, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் அது ஏதாவது ஒரு பதிவின் தொகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியிருக்கலாம். எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். ஆனால் அரை மணி நேரத் தேடலை அரை நிமிடமாக்கும்.

உண்மையான தலைவலி மூன்றாவது வகை: பணம் வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை.

ஒருவருக்கு ஐந்தாம் தேதி தவணை. சம்பளம் தாமதமானதால் நாச் திரும்பிவிட்டது. எட்டாம் தேதி தம்பியின் வங்கிக் கணக்கிலிருந்து நெஃப்ட் செய்கிறார். குறிப்பில் 'இஎம்ஐ' என்று மட்டும் போடுகிறார். நிறுவனத்தின் ஸ்டேட்மென்டில் தெரிவது தம்பியின் பெயர், தொகை, ஒரு 16 எழுத்து யூடிஆர் எண். தம்பியின் பெயரில் நிறுவனத்தில் கடனே இல்லை. அதே தொகையில் தவணை கட்டுபவர்களோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். யார் கணக்கில் வரவு வைப்பது?

ஊகித்து வைக்கக் கூடாது. வைத்தால் ஒருவருடைய பணம் இன்னொருவர் கடனை அடைத்துவிடும். திருப்பி அனுப்பலாம், ஆனால் அனுப்பியவர் கட்டிவிட்ட நிம்மதியில் இருப்பார். எனவே, யாரென்று தெரியும்வரை ஓர் ஓரமாக வைக்கிறார்கள். அந்த ஓரத்துக்குப் பெயர்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழ்ப் பாடநூலில் அனாமத்துக் கணக்கு.

ஒரு சொல்லின் கதை

'அமானத்' என்ற அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிக் கணக்குகளுக்குள் வந்தது. அதன் பொருள், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். வைத்திருப்பவருக்குச் சொந்தமில்லை, ஆனால் காக்கும் பொறுப்பு அவருடையது. மராத்தியில் இன்றும் 'அனாமத்' என்றால் வைப்புத்தொகை. தமிழில் மட்டும் பேச்சுவழக்கில் பொருள் சறுக்கிவிட்டது. 'வண்டி அனாமத்தா நிக்குது' என்றால் கேட்பாரற்று நிற்கிறது என்று அர்த்தம்.

ஒப்படைக்கப்பட்டது என்பதிலிருந்து கேட்பாரற்றது என்பது வரை ஒரு சொல் பயணப்பட்டிருக்கிறது. ஹெச்.ஓ.வில் ஒரு தொகையும் இதே பாதையில்தான் போகும். வந்த முதல் நாள் அது ஒருவர் நம்பிக் கொடுத்த பணம். தேடாமல் விட்டால் ஆறு மாதத்தில் கேட்பாரற்ற ஒரு வரி. இந்தச் சறுக்கலைத் தடுப்பதுதான் ஆபரேஷன்ஸ் வேலையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பது ஏன் கஷ்டம்? அனாமத்துக் கணக்கில் வைத்த நிமிடமே மூன்று புத்தகங்களின் மொத்தமும் ஒத்துப்போய்விடும். வங்கியில் பணம் இருக்கிறது, பேரேட்டில் பணம் இருக்கிறது, ஐந்தொகையில் குறை இல்லை. நிறுவனத்தைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். கடனாளியின் ஏட்டில் மட்டும் 'தவணை நிலுவை' என்று இருக்கிறது. மொத்தம் சரி, ஆள் தப்பு. கூட்டிப் பார்க்கும் எந்தச் சோதனையும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது.

நாள் முடிவு

இதில் நேரத்தின் பங்கு என்ன என்று பார்ப்போம். முன்பெல்லாம் வங்கி மூடினால் பணமும் தூங்கிவிடும். ஆபரேஷன்ஸ் ஆட்களுக்கு ஞாயிறும் பண்டிகையும் மூச்சு விடும் நாட்கள். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடத் தொடங்கியது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. யுபிஐ-க்கு எப்போதுமே விடுமுறை கிடையாது. பணம் நிற்பதே இல்லை. ஆனால் கணக்குக்கு ஒரு நாள் முடிந்தாக வேண்டும். அதனால் மென்பொருள் ஒரு கோடு போட்டு 'இன்றைய நாள் இத்துடன் முடிந்தது' என்று அறிவிக்கிறது. அதற்கு 'டே எண்ட்' என்று பெயர்.

இந்தக் கோட்டுக்குச் சட்டரீதியான கனம் கொடுத்தது 2021 நவம்பர் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. அதில் உள்ள உதாரணம் தெளிவானது. தவணைத் தேதி மார்ச் 31. அன்றைய டே எண்ட் ஓடுவதற்குள் முழுத் தொகை வரவில்லை என்றால், நிலுவை தொடங்கும் நாள் மார்ச் 31. தொடர்ந்து நிலுவையாகவே இருந்தால், ஏப்ரல் 30 டே எண்டில் அந்தக் கணக்கு எஸ்எம்ஏ-1. மே 30-ல் எஸ்எம்ஏ-2. ஜூன் 29-ல் என்பிஏ, அதாவது வாராக்கடன். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே இல்லை. ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. ஒருமுறை என்பிஏ ஆகிவிட்டால், ஒரு தவணை கட்டி வெளியே வர முடியாது. நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுவதும் கட்டினால்தான் பழைய நிலை.

இப்போது தம்பியின் கணக்கிலிருந்து வந்த அந்தப் பணத்தை யோசித்துப் பாருங்கள். அது நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் டே எண்ட் பார்ப்பது கடன் ஏட்டை. அங்கே பணம் இல்லை. மென்பொருள் தன் கடமையைச் செய்யும்: தாமதக் கட்டணம் போடும், வசூல் பிரிவின் பட்டியலில் பெயரைச் சேர்க்கும். மறுநாள் போன் வரும். "நான்தான் கட்டிட்டேனே!" என்று அவர் கத்துவார். "சிஸ்டத்துல காட்டலையே சார்" என்று போன் செய்தவர் சொல்வார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

அடுத்தது கிரெடிட் ரிப்போர்ட். நிறுவனங்கள் சிபில் போன்ற தகவல் நிறுவனங்களுக்கு மாதம் இரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: 15-ஆம் தேதி, மாதக் கடைசி நாள் நிலவரப்படி. திருத்தம் முன்பைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது நல்ல செய்தி. பிழையும் அதே வேகத்தில் போய்ச் சேரும் என்பது மறுபக்கம். அனாமத்தில் கிடக்கும் பணத்துக்கு ஆள் தேட, இப்போது இருப்பது ஒரு மாத அவகாசம்கூட இல்லை.

நல்ல மென்பொருள் என்ன செய்யும்? ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு தேதிகள் வைத்திருக்கும். ஒன்று, ஏட்டில் எழுதிய தேதி. மற்றொன்று, பணம் உண்மையில் வந்த தேதி. இதை வேல்யூ டேட் என்பார்கள். இருபதாம் தேதி ஆளைக் கண்டுபிடித்தாலும், வேல்யூ டேட் எட்டு என்று போட்டு வரவு வைத்தால், எட்டுக்குப் பிறகு ஏறிய வட்டியும் கட்டணமும் நாள்கணக்கும் திருத்திக் கணக்கிடப்படும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனி விர்ச்சுவல் அக்கவுண்ட் எண் கொடுப்பதும் இதற்காகத்தான். அந்த எண்ணுக்கு யார் அனுப்பினாலும் பணம் எந்தக் கடனுக்கு என்று உடனே தெரிந்துவிடும்.

ஆறு கண்கள் போதாத ஒரு நாள்

'தவறு நடந்த பிறகு தேடுவதைவிட, நடக்கும் முன்பே தடுக்கலாமே?' என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. மேக்கர்-செக்கர் என்பார்கள். ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். பெரிய தொகைகளுக்கு மூன்றாவது ஆளும் பார்ப்பார். நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. உலகமறிந்த உதாரணம் சிட்டி வங்கியில் நடந்தது.

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்கிற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, அதன் சார்பாக சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டும். அன்று செய்த பரிவர்த்தனைக்காக மென்பொருளில் அசலையும் அடைத்தது போலப் பதிய வேண்டியிருந்தது. அந்த அசல் வெளியே போகாமல் 'வாஷ் அக்கவுண்ட்' என்கிற வங்கியின் உள்கணக்குக்குப் போக வேண்டும். நம் அனாமத்துக் கணக்குக்கு ஒருவகையில் பங்காளி. அதற்குத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இருவர், அமெரிக்காவில் சிட்டியின் மேலாளர் ஒருவர், ஆக மூன்று பேர் பார்த்து அனுமதித்தார்கள். வங்கியின் சொந்தப் பணம் சுமார் 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது.

மறுநாள், முந்தைய நாள் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. பாதிக்கும் மேல், சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது.

இதில் ஒரு மென்பொருள்காரனாக எனக்குப் பிடிபடுவது: மூன்று பேர் பார்த்தாலும் பார்த்தது ஒரே திரையை, ஒரே தவறான புரிதலோடு. அது மூன்று சோதனை ஆகாது. பிழை பிடிபட்டது, நடந்து முடிந்ததை மறுபடி எடுத்துப் பார்த்தபோது. 'மூன்றாவது புத்தகத்தை வேறொருவர் எழுதுகிறார்' என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இன்னொரு கண்ணைவிட இன்னொரு ஏடு பலமானது. ரீகானை வெறும் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடன் கட்டுபவர் செய்யக்கூடியவை

நாச் தவிர வேறு வழியில் பணம் அனுப்பினால் குறிப்பில் கடன் எண்ணைப் போடுங்கள். நிறுவனம் தந்த விர்ச்சுவல் அக்கவுண்ட் எண் இருந்தால் அதற்கே அனுப்புங்கள். யூடிஆர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ என்றால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். ஸ்கிரீன்ஷாட்டைவிட அந்த எண்தான் ஹெச்.ஓ.வில் பேசும். மற்றவர் கணக்கிலிருந்து அனுப்பினால் அன்றே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். பணம் தாமதமாக ஏறினால், "வேல்யூ டேட் என்ன போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில், கேட்பவர் விவரமானவர் என்று புரிந்துவிடும்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் தவறு இருந்து, புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்கவில்லை என்றால் ஒரு நாளைக்கு ₹100 இழப்பீடு உண்டு. நிறுவனமே பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பட்டியலை எப்படி அடுக்குவது?

கடைசியாக, சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று. அனாமத்துக் கணக்கில் இருப்பவற்றை எல்லாம் ஒரு பட்டியலாக எடுத்துத் தினமும் ஆபரேஷன்ஸ் ஆட்கள் முன் வைக்க வேண்டும். அதை எந்த வரிசையில் வைப்பது?

மேலிடம் கேட்பது தொகை வரிசை. பெரிய தொகை மேலே. தணிக்கையாளர் முதலில் தொடுவதும் அதைத்தான். நியாயம்தான், பத்து லட்சம் ஆளில்லாமல் கிடந்தால் கேள்வி வரும். ஆனால் பத்து லட்சம் அனுப்பியவர் தானே போன் செய்துவிடுவார். அவரிடம் கணக்காளர் இருப்பார், கடிதம் எழுதத் தெரிந்தவர் இருப்பார். பட்டியலின் அடியில் ₹2,150 என்று ஒரு வரி இருக்கும். இருசக்கர வாகனத் தவணையோ, குழுக் கடன் தவணையோ. தொகை வரிசையில் அடுக்கினால் அந்த வரிக்கு முறையே வராது. தினமும் மேலே புதிதாகப் பெரிய தொகைகள் வந்து சேரும். இவர் அடியிலேயே இருப்பார். அவர் வீட்டுக்குத்தான் வசூல்காரர் போவார்.

நல்ல ஆபரேஷன்ஸ் ஆட்களை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அவர்கள் கேட்கும் பட்டியல் நாள் வரிசையில் இருக்கும். எது அதிக நாளாகக் கிடக்கிறதோ அது மேலே, தொகை எவ்வளவாக இருந்தாலும். மென்பொருளில் இது ஒரு வரி மாற்றம். எழுதுபவருக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ₹2,150 ஜூன் 29-ஐத் தாண்டுமா, தாண்டாதா என்பது பல நேரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.